ஒப்பந்தத்தில் பனி இருந்தது, மழை இல்லை

மேகம் கூடிக்கொண்டு வருகிறது. இதை எழுதி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது எழுந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற மனிதனுக்கு வானத்தோடு என்ன வழக்கு என்று என் மனைவி கேட்கிறாள். ரங்கூனில் கட்டட வேலையில் தலை நரைத்தவன் எவனும் வைகாசி மாதம் உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டான் என்று அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் போகும்போது கொடியில் கிடக்கும் துணியை எடுத்து வந்துவிடுங்கள் என்கிறாள்.

கட்டடக் கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் சிலர் கோயில் மண்டபத்தில் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். ஒப்பந்தப் பிரிவில் இத்தனை வருஷம் இருந்தீர்களே, ஊ சிவா, ஏதாவது எழுதித் தாருங்கள், பர்மியில் எழுதினால் எங்களுக்குப் படிக்கச் சுலபம் என்றீர்கள். முடியாது என்றுவிட்டேன். பர்மியில் எனக்கு மரியாதை வந்துவிடும். இந்த விஷயத்தைக் கோபத்தோடுதான் சொல்ல முடியும். கோபம் எனக்குத் தமிழில்தான் ஒழுங்காக வரும். எழுத்துக் கூட்டியாவது படியுங்கள்.

அளவெடுப்பது, விலை போடுவது, பில் தயாரிப்பது எல்லாம் உங்களுக்குப் பழகப் பழக வந்துவிடும். அதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. பழகப் பழகப் போய்விடுகிற ஒன்று இருக்கிறது. அதுதான் சங்கடமான கேள்வியைக் கேட்கிற தைரியம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் அது இருக்கும். பெரியவர்களோடு உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்ததும் கரைந்துவிடும்.

ஆனாடெ என்ற பர்மியச் சொல்லுக்கு இங்கே பிறந்த உங்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தாள் தப்பித் தவறித் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எதிரில் இருப்பவர் சங்கடப்படுவாரே என்று, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விழுங்கிக்கொள்வதற்குப் பெயர் ஆனாடெ. நாம் முகதாட்சண்யம் என்கிறோமே, அது இதற்குத் தூரத்துச் சொந்தம். முகதாட்சண்யம் முகத்தைப் பார்த்தால்தான் வரும். ஆனாடெ டெலிபோனிலும் வரும். நல்ல குணம்தான், நான் குறை சொல்லவில்லை. இந்த ஊரில் அடுத்த வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஆனால் அதை ஒப்பந்தத்துக்குள் விட்டால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் இந்தக் கதை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் ஓடைக்குப் பக்கத்து நெருக்கடியான தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு எட்டு மாடிக் குடியிருப்பு கட்டும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. கார் நிறுத்தத் தரைக்கு அடியில் ஒரு தளம் வேண்டும், ஆகவே ஆழமாகத் தோண்ட வேண்டும். கட்டடத்தின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்கள் சார்பில் எல்லாம் பார்த்தவர் ஊ சோ. (ஊ, கோ, மா என்பதெல்லாம் இங்கே வயதுக்கும் பழக்கத்துக்கும் தக்கபடி பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொற்கள்.) அவரும் எங்கள் முதலாளியும் ஒரே விடுதி அறையில் தங்கிப் படித்தவர்கள். அந்தச் சிநேகத்தில் போட்டியே இல்லாமல் வேலை எங்கள் கைக்கு வந்தது. சிநேகிதர்களுக்குள் போடும் ஒப்பந்தத்தைப் போல ஓட்டையான ஒப்பந்தம் உலகத்தில் கிடையாது.

ஒப்பந்தத்தை ஊ சோ எங்கிருந்தோ இறக்கிக்கொண்டு வந்திருந்தார். ஏதோ குளிர் தேசத்துக்காக எழுதியது. அதில் குளிர்காலப் பாதுகாப்பு என்று ஒரு தனி அத்தியாயமே இருந்தது. வேலை நடக்கும் இடத்தில் விழும் பனியை யார் செலவில் அள்ளுவது, கான்கிரீட் உறையாமல் இருக்கக் கூடாரம் போட்டுச் சூடேற்றுவது யார் செலவு, வழுக்காமல் இருக்கத் தரையில் உப்புத் தூவுவது யார் பொறுப்பு, எல்லாம் வரி பிசகாமல் எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் காண்ட்ராக்டர்தான் பொறுப்பு. இங்கே மார்கழியில் ஒரு போர்வையை இழுத்துப் போர்த்தினால் முடிந்தது கதை. வருஷத்தில் பாதி நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற ஊரில், மழை என்ற சொல் அந்த ஒப்பந்தத்தில் ஓரிடத்தில்கூட இல்லை.

அத்தியாயத்தை வாசித்ததும் ஒரே சிரிப்பு. முதலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கோ சிவா, பனி அள்ள மண்வெட்டி வாங்கி வெச்சுடுங்க" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "ஸயா, இந்தப் பக்கத்த அடிச்சிட்டு மழைய எழுதிடலாம். தார்ப்பாய், மூங்கில் பந்தல், பம்பு, பம்புக்கு டீசல், யார் எது கொடுக்கறதுன்னு இப்பவே பேசிடலாம்" என்றேன். முதலாளியை ஸயா என்றுதான் அழைப்போம். அவர், எழுதிக்கலாம் எழுதிக்கலாம் என்றார். ஊ சோவும் ஆமாம் ஆமாம் என்றார். டீ வந்தது. பக்கம் திரும்பிவிட்டது.

என்ன நடந்தது என்று புரிகிறதா? வேலையைச் சும்மா தூக்கிக் கொடுத்த சிநேகிதனிடம் மழைச் செலவையும் நீயே கொடு என்று கேட்க முதலாளிக்கு ஆனாடெ. கூடப் படித்தவனிடம் எல்லாம் உன் தலையில்தான் என்று சொல்ல ஊ சோவுக்கு ஆனாடெ. நம்ம ஆள் பார்த்துக்கொள்வான் என்று இரண்டு பேரும் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்கள்.

நான் விடவில்லை. முளை நடும் நாளில் இன்னொரு தடவை கேட்டேன். நம் பூமி பூசை போல பர்மாக்காரர்கள் தங்க நிறம் பூசிய மர முளைகளை நடுவார்களே, அந்த நாள். பிக்குகள் ஓதி முடித்திருந்தார்கள். தேங்காயும் வாழைப்பழமும் வாசனைத் தண்ணீருமாக இடமே மணத்துக்கொண்டிருந்தது. முதலாளியும் ஊ சோவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று மெல்லக் குனிந்து ஆரம்பித்தேன். முதலாளி ஒரு வாழைப்பழத்தை உரித்து என் கையில் திணித்தார்.

"நல்ல நாளும் அதுவுமா யாராவது மழையப் பத்திப் பேசுவாங்களா, கோ சிவா? சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

இருங்கள். ஒரு தடவை வெளியே பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். தூறல் இன்னும் விழவில்லை, காற்று மட்டும்தான். துணியை எடுத்து வந்தேன்.

திட்டப்படி சித்திரையில் வரும் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்பே குழி வெட்டி, அடித்தளம் போட்டு, சுவரும் எழும்பியிருக்க வேண்டும். ஆனால் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத நாள்கள். டீசலுக்கு வண்டிகள் வரிசையில் நின்றன. தோண்டும் இயந்திரம் ஓடிய நாளைவிடச் சும்மா நின்ற நாளே அதிகம். திருவிழா முடிந்து எல்லோரும் ஊரிலிருந்து திரும்பி வந்தபோது குழி பாதியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. வானம் கறுக்கத் தொடங்கியது.

அந்தக் குழியின் விளிம்பில்தான் மா புஷ்பாவின் வீடு. நாலு மாடிப் பழைய செங்கல் கட்டடத்தின் கீழ்த்தளம். அப்பா தமிழர், ரயில்வேக் குடும்பம், அம்மா பர்மாக்காரி. காலையில் வாசலில் இட்லிக் கடை போடுவாள். கணவர் கோ மணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பின்னறையில் கட்டிலோடு இருந்தார். அந்தப் பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் குழி. பழைய கட்டடம், ஆழமில்லாத அஸ்திவாரம். அதன் கீழ் உள்ள மண் காய்ந்து கிடக்கும்வரை கொஞ்சம் அசைந்தாலும் நிற்கும். தண்ணீர் இறங்கி, மண் குழிக்குள் சரிய ஆரம்பித்தால், சுவர் அதன் பின்னாலேயே வரும். குழியின் விளிம்பில் பந்தல் போட்டுத் தார்ப்பாய் மூட வேண்டும், கூரைத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும், அடியில் ஊறுவதைப் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. அந்தக் குழியைப் பார்த்த எல்லோருக்கும் இது தெரியும்.

அப்படியானால் ஏன் மூடவில்லை? இதைக் கவனமாகப் படியுங்கள். தார்ப்பாயின் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. தார்ப்பாயாவது ஒரு தடவை வாங்கினால் முடிந்தது. பம்பு தினமும் டீசல் குடிக்கும், மழை விடும்வரை குடிக்கும். எங்கள் சைட் இன்ஜினீயர் கோ ஸோ, நல்ல பையன், தார்ப்பாய் கேட்டு முதலாளியிடம் போனான். இப்போது நாம் முதலில் வாங்கிப் போட்டால் இது நம் செலவுதான் என்று ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும், பொறு என்றார் முதலாளி. அங்கே ஊ சோவுக்கு அவருடைய வக்கீல் இதையே திருப்பிச் சொல்லியிருக்கிறார். நீங்கள் மூடச் சொல்லி உத்தரவிட்டால் செலவு உங்கள் தலையில், வாயைத் திறக்காதீர்கள் என்று. ஆக, யார் முதலில் தார்ப்பாயைத் தொடுகிறாரோ அவர் மாட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். முதல் மழை இரண்டு பெய்தும்விட்டது. கோ ஸோவின் ஆள்கள் வாளியால் தண்ணீர் இறைத்தார்கள்.

அந்த நாள்களில் எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. சைட்டுக்குப் போவேன், குழியைப் பார்ப்பேன், ஆபீசுக்கு வருவேன், கடிதம் எழுதுவேன், மறுபடி சைட்டுக்குப் போவேன். பதில் வராது. மற்றவர்களுக்குப் பேசக் கூச்சம் என்றால் எனக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது.

கடைசியில் ஊருக்கு நடுவே பபேடானில் ஊ சோவின் ஆபீசில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்ய வைத்தேன். மூன்றாவது மாடி அறை. முதலாளி, நான், ஊ சோ, அவருடைய வக்கீல். ஜன்னலுக்கு வெளியே நடுப்பகலில் விளக்குப் போட்டிருந்தார்கள், அவ்வளவு இருட்டு. வக்கீல் அந்தக் குளிர்கால அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டார். பனியானாலும் மழையானாலும் பருவத்தின் கேடுதான், எல்லாம் காண்ட்ராக்டர் பொறுப்பு என்று அதன் கருத்து என்றார்.

"ரங்கூன்ல பனி பெய்யட்டும், கடைசிக் கட்டி வரைக்கும் எங்க செலவுல அள்ளறோம்" என்றேன்.

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. வளர்ந்த மனிதர்கள் நாலு பேர், வியர்த்து ஒழுகிக்கொண்டு, பனியைப் பற்றி வாதாடினோம். வெளியே இடி இடித்தது.

அப்போது கோ ஸோ போன் செய்தான்.

"ஊ சிவா, மா புஷ்பா வீட்டுப் பின்னறைக் கதவு சாத்த மாட்டேங்குதாம். கடைக்கு டீ குடிக்கப் போனப்ப பேச்சுவாக்குல சொன்னாங்க."

"எங்க இடிக்குதுன்னு பாத்தியா?"

"மேல் மூலையில மட்டும். கீழ இடைவெளி இருக்கு."

மழையில் மரம் ஊறினால் கதவு சுற்றிலும் இறுகும். ஒரு மூலை மட்டும் இடித்தால் சாய்ந்திருப்பது கதவின் நிலை. நிலை சாய்ந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது. பின்பக்க அறைகளில் இருக்கிற எல்லோரையும், மேல் மாடிக்காரர்களையும் சேர்த்து, உடனே முன்பக்கம் வரச் சொல், கோ மணியைத் தூக்கிக்கொண்டு வா என்றேன். போனை வைத்துவிட்டு அறையில் இருந்தவர்களுக்குச் சொன்னேன்.

ஊ சோ முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஊ சோவைப் பார்த்தார். வக்கீல், ஒரு நிபுணரை அனுப்பி அறிக்கை வாங்கலாம் என்றார். அடப்பாவிகளா என்று வாய் வரை வந்தது. இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கொடுமை. முதலாளி என் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்றவர். ஊ சோ கோபமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அந்த அறையில் நான் கத்தியிருந்தால் இரண்டு பேரும் முகம் சிவந்து, மரியாதையாக எழுந்து, கூட்டத்தை ஒத்திவைத்திருப்பார்கள். நானே தார்ப்பாய்க்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் கிடையாது, கடைக்காரர்களும் கையில் காசு வைக்காமல் ஒரு முழம் கொடுக்காத காலம். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு பொய் சொன்னேன்.

"மா புஷ்பா நமக்காக டீ போட்டு வெச்சிருக்காங்களாம். நாலு பேரும் வரணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. மீதிய அங்க பேசிக்கலாமே?"

டீ போட்டு வைத்துக்கொண்டு ஒரு பெண் காத்திருக்கிறாள் என்றால் இந்த ஊரில் யார் மறுக்க முடியும்? வக்கீல்கூட எழுந்துவிட்டார். காரில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு மா புஷ்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். நாலு பேர் வருகிறோம், டீ போடு, வேறு எதுவும் கேட்காதே.

நாங்கள் போய் இறங்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. மேல் மாடிக்காரர்கள் படிக்கட்டிலும் வாசலிலும் கூடி நின்றார்கள். கோ ஸோ நனைந்துபோய் நின்றான். கோ மணி வர மறுத்துவிட்டார் என்றான்.

"புயல்லயே கிரேன் மேல உக்காந்திருந்தவன் நான், மழைக்கு பயந்து எடம் மாறுவனான்னு கேக்கறாரு. தூக்க வந்தவங்கள ஒத்தக் கையால அடிக்கிறாரு."

மா புஷ்பா முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். டீ கொண்டு வந்தாள், கூடவே காலையில் மீந்த இட்லியைச் சூடாக்கி எடுத்து வந்தாள். "பெரியவங்க எல்லாம் வந்திருக்கீங்க, வீடு ஒரே அலங்கோலம், மன்னிச்சிக்குங்க" என்று பர்மியில் திரும்பத் திரும்பச் சொன்னாள். குழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதலாளி டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"புஷ்பா, அந்தக் கதவ இவங்களுக்குக் காட்டும்மா" என்றேன்.

பின்னறைக்குப் போனோம். கதவைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. கட்டிலுக்கு மேலே சுவரின் மூலையிலிருந்து ஜன்னல் வரைக்கும் படிப்படியாக வெடித்திருந்தது. என் விரல் உள்ளே போனது. வெடிப்பின் வழியாகத் தண்ணீர் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது, அதற்கு அடியில் அவள் ஒரு துணியைச் சுருட்டி வைத்திருந்தாள். மழைச் சத்தத்தோடு குழிக்குள் மண் பொத்துப் பொத்தென்று விழும் சத்தமும் கேட்டது. கட்டிலில் கோ மணி எங்களை முறைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஊ சோ செருப்பை ஓரமாக விட்டார். கட்டிலின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து நின்றார். "அண்ணே, முன்னறைக்குப் போலாமா? நாங்க தூக்கறோம்" என்றார். அதற்குள் முதலாளி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்மாட்டைப் பிடித்துவிட்டார். தொழிலாளிகளை அடித்த கோ மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டு பெரிய மனிதர்கள் தன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றதும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஐயோ, வேண்டாம், நீங்கள் போய் என்று முனகினார். பிறகு தலையை ஆட்டினார். ஒரு பக்கம் முதலாளி, ஒரு பக்கம் ஊ சோ, நடுவில் நானும் கோ ஸோவும். வாசற்படியில் இடித்துக்கொண்டு, திருப்பி, மறுபடி இடித்து, எப்படியோ முன்னறைக்குக் கொண்டுவந்தோம். முதலாளிக்கு மூச்சு வாங்கியது.

"தார்ப்பாயும் மூங்கிலும் என்னோடது. இப்பவே வரும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"டீசல நான் தரேன். எங்க கிடங்கு ஜெனரேட்டர்ல இருக்கறத எடுத்துக்கட்டும்" என்றார் ஊ சோ.

"வேணாம், டீசலும் நானே..."

"நீ சும்மா இரு. இந்த வீட்டு ரிப்பேரும் எங்களோடது."

"அதுல பாதி என்னோடது."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பைசா கொடுக்க மாட்டோம் என்று பனியைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள், இப்போது எனக்கு உனக்கு என்று சண்டை போட்டார்கள். வக்கீல் குறுக்கே வந்து, எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளாமல் என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தார். "நீங்க டீ குடிங்க" என்றார் ஊ சோ. நான் அந்த நிமிஷத்தை விடவில்லை. ஒரு காகிதத்தை இட்லிப் பானை மூடிமேல் வைத்து, மழைக்கு எது யார் செலவு என்று எழுதி, ஈரக் கையோடு இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். கண் கலங்கியிருக்கும்போது கொடுத்த வாக்குத்தானே, காய்ந்தால் மறந்துவிடும். வாயளவில் விட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

பொழுது சாய்வதற்குள் பந்தல் ஏறிவிட்டது. மணல் மூட்டைகளைச் சுவரின் காலடியில் அடுக்கினோம். கட்டடத்தில் இருந்த எல்லோரையும் கோயில் மண்டபத்துக்கு அனுப்பினோம். கோ மணி அங்கே போயும் கிரேன் கதைதான் சொன்னாராம். பெரிய சுவர் நின்றது. ஆனால் மறுநாள் பின்னறை மூலையில் செங்கல் வரிசைகள் பெயர்ந்து உள்ளே சரிந்தன. போய்ப் பார்த்தேன். கட்டில் இருந்த இடம் முழுக்கச் செங்கல்.

ஆகவே பிள்ளைகளே, வெயில் அடிக்கும்போதே மழையைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். எந்த ஊரிலிருந்து வந்த ஒப்பந்தமானாலும், அந்த ஊரின் பனியை அடித்துவிட்டு நம் ஊர் மழையை எழுதுங்கள். தார்ப்பாய் யாருடையது, டீசல் யாருடையது, மழை நீண்டுகொண்டே போனால் யார் தாங்குவது, எல்லாவற்றையும் கேளுங்கள். சிரித்து மழுப்பினால் கூடச் சிரித்துவிட்டு மறுபடி கேளுங்கள். வாழைப்பழம் கொடுத்தால் சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், இவன் என்ன இப்படி அபசகுனமாகப் பேசுகிறான் என்பார்கள். சொல்லட்டும். இன்னொன்று. இரண்டு பேர் செலவைப் பற்றிப் பேசும் அறையில் இல்லாத மூன்றாவது ஆள் யார் என்று பாருங்கள். கூட்டத்தை முடிந்தால் அவர் வீட்டில் வையுங்கள்.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் உட்கார விடாமல் அடிக்கிறது.

மழை விட்டு, சுவரைப் புதிதாகக் கட்டி, வெள்ளையடித்து, அவர்கள் வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் காலையில் மா புஷ்பாவின் கடைக்குப் போனேன். கோ மணி கட்டிலை வாசல் பக்கம் போடச் சொல்லி, போகிற வருகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். எனக்கு டீ கொடுத்தாள். பேச்சோடு பேச்சாக, அந்தக் கதவு என்றைக்கிலிருந்து இடித்தது என்று கேட்டேன்.

"தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடியே அண்ணே. வெடிப்பு அப்பறம்தான் வந்துச்சு. மொதல்ல முடி மாதிரி இருந்துச்சு."

"அப்பவே ஏம்மா சொல்லல? தினம் வந்து நின்னனே?"

அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தக் கம்பெனியில நம்ம ஆளுன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நான் போய் சொல்லி, முனிசிபல்காரங்க வந்து வேலைய நிறுத்திட்டா, ஒங்க மேலதான பழி வரும்? ரிட்டயர் ஆவ கொஞ்ச நாள்தான் இருக்குன்னு வேற சொன்னீங்க. எனக்கு ஆனாடெ அண்ணே. அவுரையும் சொல்லக் கூடாதுன்னுட்டேன். அன்னிக்கு கோ ஸோகிட்ட வாய் தவறி வந்துடுச்சு."

யார் செலவு, யார் செலவு என்று நாங்கள் இழுத்தடித்துக்கொண்டிருந்த நாள் எல்லாம், எனக்காக அவள் தன் புருஷனை அந்தச் சுவரின் கீழே படுக்க வைத்திருந்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, டீ டம்ளரை வைத்துவிட்டுக் கத்தினேன். என் வேலை போனால் மயிரே போச்சு என்று கத்தினேன். சுவர் வெடித்தால் சொல்ல மாட்டாயா, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று நடுத்தெருவில் தமிழில் கத்தினேன். இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் முகமெல்லாம் நனைந்திருந்தது.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். எனக்குக் கோபம் என்றே நினைத்துவிட்டாள். கை இரண்டையும் கூப்பி, என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.